மோட்டார் ஓடுகிற இருபது நிமிடம்

மோட்டார் சுவிட்சைப் போட்டாயிற்று. இனி இருபது நிமிடம் என் ராஜ்ஜியம். மொட்டை மாடித் தொட்டி நிரம்புகிற வரைக்கும் இந்தக் கிழட்டு மோட்டார் போடுகிற கூச்சலில், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என்ன செய்தாலும் ஆறு வீட்டில் ஒருத்தர் காதிலும் விழாது. மேல் வீட்டு ருக்மாங்கதன் சார் காதில்கூட விழாது, அவருக்கோ தெருக்கோடியில் யாராவது தும்மினாலே தூக்கம் கலைந்துவிடும். தரைத்தள வீடு என்பதால் மோட்டார் பொறுப்பு எங்கள் தலையில். ஆறு மணிக்குப் போட வேண்டும், ஆறு இருபதுக்கு நிறுத்த வேண்டும். ஆறரைக்கு ரொசாரியோ அண்ணன் போன் பண்ணுவார். அவர் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் பத்தொன்பது வருஷமாக நான்தான் புல்லாங்குழல். “சனிக்கிழமை ரிசப்ஷன் தங்கச்சி, வர்றியா இல்லையா, காலையில ஒரு பதில் சொல்லிடு” என்று நேற்றே சொல்லிவிட்டார். பதினோரு வாரமாக இல்லை இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கும் இல்லை என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அதுதான் பயம். சரிம்மா உடம்பைப் பாத்துக்க என்று தன்மையாகச் சொல்லிவிட்டு அடுத்த தடவை கூப்பிடாமல் இருந்துவிடுவார். ஒருத்தர் இல்லாமல் நாலு நிகழ்ச்சி நடந்துவிட்டால் ஐந்தாவது நிகழ்ச்சிக்கு அந்த ஒருத்தர் எதற்கு என்று யாருக்கும் தோன்றும், எனக்கே தோன்றும். ஆகவே குழல் கையில் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஊது மங்கை ஊது.

ஃபூ. காற்று. சரி, முதல் மூச்சு எப்போதும் காற்றுதான், நல்லா இருந்த காலத்திலும் முதல் மூச்சு அப்படித்தான் இருந்திருக்கும், இருந்ததா, நினைவில்லை. மறுபடி. ஃபூ. காலையில் பல் தேய்த்துக் கொப்பளித்தபோது ஒரு சொட்டு வெளியே வரவில்லையே, இரண்டு கன்னத்தையும் பலூன் மாதிரி உப்பவைத்து விரலால் குத்திப் பார்த்தேனே, கசியவில்லையே. முதல் வாரம் என்ன கூத்து. தண்ணீரை வாயில் வைத்தால் இடது ஓரம் வழியாகக் குழாய் மாதிரி பீய்ச்சும், சுவரில் இருக்கிற காலண்டர் நனையும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து காபி குடித்தேன், காபி ரவிக்கையில் இறங்கியது. பார்த்தால் இடது பக்க முகம் தூங்கிக்கொண்டிருக்கிறது, வலது பக்கம் மட்டும் முழித்திருக்கிறது. முகவாதம். நரம்பு வீங்கியிருக்கு, தானா வத்திடும், பயப்படாதீங்க என்றார் டாக்டர். தானா வத்துவதற்கு நான் என்ன குளமா. இடது கண் மூடாது, ராத்திரி பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். இட்லியின் ருசி நாக்கில் பாதிக்குத்தான் தெரியும். இடது காதில் எந்தச் சத்தமும் இரண்டு பங்கு. இதே மோட்டார் அப்போது மண்டைக்குள்ளேயே ஓடியது. பூபதி என்று என் புருஷன் பேரைச் சொல்லிப் பார்த்தால் ஃபூஃபதி என்று வந்தது. நல்லவேளை, இருபத்து நாலு வருஷமாக அவரை நான் என்னங்க என்றுதான் கூப்பிடுகிறேன், என்னங்க என்று சொல்ல உதடே வேண்டாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் யாரோ எனக்காகவே யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, சிரித்தால் பாதி முகம்தான் சிரித்தது, அதைப் பார்த்து அவர் கண் கலங்கினார், அதோடு சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஃபூ. இன்னும் காற்றுதான். எத்தனை நிமிடம் போயிற்று, நாலு இருக்குமா. அவசரப்படாதே. கண்ணாடி இருந்தால் நன்றாக இருக்கும், கண்ணாடி படுக்கையறையில், அங்கே அவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து இப்போதுதான் படுத்திருக்கிறார். ஒன்பது நாளாகக் கண்ணாடி முன்னால் நின்றுதான் ஊதிப் பார்க்கிறேன். அவருக்குப் பகல் ஷிப்ட் இருந்தது, அறை காலியாக இருந்தது. பிசியோதெரபி டாக்டரம்மா எல்லாப் பயிற்சியும் கண்ணாடி பார்த்துத்தான் செய்யணும் என்று சொல்லியிருக்கிறார். புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, ஸ்ட்ராவில் ஊது, மெழுகுவத்தி அணை, பல்லைக் காட்டு. பொட்டுக்கும் மூக்குக்கும் நேராக உதட்டின் நடு வர வேண்டும், ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகக் கூடாது. “நேரா, நேரா, மங்கைம்மா, நேரா” என்று கை தட்டிச் சொல்வார், சின்னப் பிள்ளையை நடக்கவிடுவது போல. நானும் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு அதை அளவுகோலாக்கி அப்படியே நேராக வைத்தேன். போன வாரம் அவர் என் தாடையைப் பிடித்து இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சூப்பர், தராசு மாதிரி ஆயிடுச்சு, இனி நீங்க வர வேண்டாம்” என்றார். தராசு மாதிரிதான் இருக்கிறது, நானே பார்க்கிறேனே, முன்பு இருந்ததைவிட லட்சணமாகக்கூட இருக்கிறது. அப்படியானால் சத்தம் ஏன் வரவில்லை. நரம்பு மேலாக ஒட்டிக்கொண்டு உள்ளே ஒட்டவில்லையா. முகத்துக்கு வந்தது குழலுக்கு வராதா. இந்த யோசனை வந்தால் விடாது, முந்தானை முள்ளில் மாட்டின மாதிரி, ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் மாட்டும்.

யோசிக்காதே, மோட்டாரைக் கேள். மோட்டாருக்கு ஒரு சுருதி உண்டு, சத்தியமாக உண்டு, இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே கவனித்தேன். நாங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், ஹார்மோனியத்துக் கட்டையை வைத்து வந்த கணக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல், பை நிறையக் குழலோடுதான் மேடைக்குப் போவேன். இந்த மோட்டார் பாடுவது ஐந்து கட்டையும் இல்லை, ஐந்தரையும் இல்லை, நடுவில் எங்கேயோ, பிடிவாதக்காரன். படுக்கையில் கிடந்த மாதத்தில் ஒருநாள் பூபதியிடம், அந்தக் கட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க, இனி எனக்கு எதுக்கு என்று கொழகொழவென்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனாருக்குக் கட்டை என்றால் சுடுகாட்டுக் கட்டை. கத்தியைப் போட்டுவிட்டு, “அண்ணி, ஏன் அண்ணி அப்படிப் பேசுறீங்க, வாய்தானே கோணிச்சு, உசுருக்கு என்ன” என்று ஓவென்று அழுதாள். தெரு கூடிவிட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு, ஆனால் அப்போது நான் சொன்னது நிஜம்தான், அவள் அழுததும் ஒருவகையில் சரிதான். கொடுத்துவிடச் சொன்னபோது எனக்குத் துக்கமே இல்லை. உதடு போனது பெரிதில்லை, அது போனதும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் இருந்ததே, அதுதான் நோய். டிவியில் சீரியல் பார்த்தேன், பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைத்தேன். பீரோ மேல் பை தூசி படிந்து கிடந்தது, உள்ளே எண்ணெய் காணாமல் மூங்கில் வறண்டுகொண்டிருக்கும் என்று தெரியும், தெரிந்தும் கை போகவில்லை. பத்தொன்பது வருஷம் ஊதினவள், ஒரு மாசத்தில் ஊதாதவளாகிவிட்டேன், இவ்வளவு லேசாகவா விட்டுப்போகும் ஒன்று.

ரொசாரியோ அண்ணன் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “நீ கவலப்படாத தங்கச்சி, மகிமை கீபோர்டுலயே சமாளிச்சுட்டான். எழுபத்து மூணாம் நம்பர அமுக்குனா புல்லாங்குழல்தான், ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியல” என்றார். மகிமைராஜ் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர், தங்கமான மனுஷன், அவர் மேல் வருத்தம் இல்லை. எழுபத்து மூணு. நான் ஒரு நம்பர். அன்றைக்கு அதைக் கேட்டுத் தலையாட்டினேன், அவ்வளவுதான், சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட்டேன். கோபம் வந்தது இருபத்திரண்டு நாள் கழித்து, சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, திடுமென்று வந்தது, எழுபத்து மூணாம், எழுபத்து மூணுக்கு மூச்சு வாங்குமா, கமகம் வருமா, பல்லவி முடிகிற இடத்தில் பாடுகிறவள் தடுமாறினால் அரை மாத்திரை தாங்கிப் பிடிக்குமா! பார்த்தால் என் விரல் பூரிக்கட்டையின் மேல் ஓட்டையே இல்லாத இடத்தில் துளைகளை மூடித் திறந்துகொண்டிருக்கிறது. ஆறு விரலும் தாமாக. மாவு கையோடு ஓடிப்போய் ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினேன். நல்லெண்ணெய் விட்டுத் துணி சுற்றிக் குச்சியால் ஒவ்வொரு குழலுக்குள்ளும் பூசினேன், அடுப்பில் சப்பாத்தி கரிந்தது. கரியட்டும். என்ன ஒரு சந்தோஷம் அது! பசி இல்லாமல் கிடந்தவனுக்குப் பசி எடுத்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. அன்றிலிருந்து ஒன்பது நாள் கண்ணாடி முன்னால், ஒன்பது நாளும் காற்று. ஆசை வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. ஆசை வராமலேயே இருந்திருக்கலாமோ என்று நேற்று ராத்திரி ஒரு கணம் நினைத்தேன், உடனே சீ என்று திட்டிக்கொண்டேன்.

எத்தனை நிமிடம். எட்டா, ஒன்பதா. கைப்பேசி உள்ளே இருக்கிறது. எழுபத்து மூணாம். மகிமை அந்தப் பட்டனை எந்த விரலால் அமுக்குவார், சுண்டுவிரலாலா, ஒரு கையில் பாப்கார்ன்கூடச் சாப்பிடலாம் அமுக்கிக்கொண்டே, வித்தியாசமே தெரியலையாம், தெரியாமல்தான் அந்தத் துறையூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றாரா, வித்தியாசம் தெரியாதாம், ஜனங்கள் என்ன

வந்தது. ஐயோ. வந்தது, இப்போது வந்தது, ஒரு இழை, மெல்லிசாக, ஆனால் காற்று இல்லை, ஸ்வரம்! எங்கே, எப்படி வந்தது, நான் எதுவுமே செய்யவில்லையே, திட்டிக்கொண்டல்லவா இருந்தேன். மறுபடி, மெதுவாக, உதட்டைச் சரியாக வைத்து, நேராக வைத்து. ஃபூ. போயிற்று. கனவு இல்லை, மோட்டார் விசிலா, இல்லை, என் குழல் எனக்குத் தெரியாதா. நேராக வை. நடு உதடு, நடுத் துளை. ஃபூ. மறுபடி. ஃபூ. ஏன் இப்படிக் கண்ணாமூச்சி காட்டுகிறாய், இப்போது வந்தாய்தானே. வந்தபோது உதடு எங்கே இருந்தது. யோசித்தால் தெரியவில்லை, அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லையே, நடக்கிறவள் கால் எங்கே இருக்கிறது என்றா யோசிப்பாள். கண்ணை மூடு. மகிமையைத் திட்டு. இல்லை, பாவம் மகிமை. வேறு யாரையாவது திட்டு. அந்தப் போட்டோக்காரன், மன்னார்புரம் மண்டபத்தில், பாட்டு நடுவில் மேடைக்குக் கீழே வந்து நின்றுகொண்டு, “மேடம், வாயைக் கொஞ்சம் நேரா வைங்க, போட்டோல கோணலா விழுது” என்று கத்தினானே, பாட்டு முடிந்ததும் நானும் கத்தினேனே, “நேரா வெச்சா சத்தம் வராதுப்பா” என்று.

நேரா வெச்சா சத்தம் வராது.

அடிப் பாவி. அடி மக்கு. நான் சொன்னதுதானே, என் வாயால் நானே மைக் பக்கத்தில் நின்று சொன்னதுதானே, மண்டபம் முழுக்கச் சிரித்ததே! பத்தொன்பது வருஷமாகக் கோணலாகத்தானே ஊதுகிறேன், என் மேலுதட்டில் நடுவில் ஒரு சின்ன முனை தொங்கும், அது காற்றை இரண்டாகப் பிளந்துவிடும், அதனால் உதடு தானாகவே இடது பக்கம் நகர்ந்து அங்கே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. அதே இடது பக்கம்தான் தூங்கிப்போனது, அதே இடது பக்கம்தான் முழித்தும் இருக்கிறது, முழித்து ஒன்பது நாளாக நான் இங்கே இருக்கிறேன் இருக்கிறேன் என்று நகரப் பார்த்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான் கண்ணாடியைப் பார்த்து, பொட்டைப் பார்த்து, நேரா நேரா என்று பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்திருக்கிறேன். நோய் போனபிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நானா! அந்த டாக்டரம்மா மேல் தப்பே இல்லை, அவர் சாப்பிடுகிற வாயைச் சரி செய்தார், ஊதுகிற வாய் அவருக்கு எப்படித் தெரியும். சிரிப்பு வருகிறது, சிரித்தால் ஊத முடியாது, சிரிக்காதே, சிரி, சிரித்துவிட்டு ஊது. இப்போது போ, உன் இஷ்டத்துக்குப் போ, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அங்கே.

ஸா. அம்மாடி. முழுசாக, கொழுப்பாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் காற்று கலந்து. இதோ மோட்டார் கீழே, நான் மேலே, இரண்டும் உரசுகிறது, ஊம் ஊம் என்று அலை அடிக்கிறது, நான் ஐந்து, அது ஐந்தேகால். குழலைக் கொஞ்சம் வெளியே உருட்டு, ஏறு, அலை நீளுகிறது, இன்னும் கொஞ்சம், நின்றது! சேர்ந்துவிட்டது. இனி தாராளமாக மேலே போகலாம், பா, போயிற்று, மேல் ஸா, கீச்சென்றது, பரவாயில்லை, மறுபடி மேல் ஸா, நின்றது, நின்றே நின்றது. கமகம் வருகிறதா, வருகிறது, விரல் மறக்கவில்லை, விரல் எதையும் மறக்கவில்லை, உதட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது இத்தனை நாள். சனிக்கிழமை முதல் பாட்டுக்கு முன்னிசை, பன்னிரண்டு விநாடி, குழல் மட்டும், வேறு ஒன்றும் கிடையாது, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு என் மேல் ஒன்று மட்டும் போடுவார்கள். அதை வாசி. நடுவில் மூச்சு வாங்கினேன், பழைய நாளில் வாங்கியதில்லை, பரவாயில்லை, இன்னொரு தடவை. இன்னொரு தடவை. தலை லேசாகச் சுற்றுகிறது, கன்னம் வலிக்கிறது, என்ன அருமையான வலி, இடது கன்னம் வலிக்கிறது, வலிக்கிற அளவுக்கு உயிரோடு இருக்கிறது! ஏதோ ஈரமாக இருக்கிறதே, அழுகிறேனா, அழவும் செய்கிறேன், ஆனால் இது காலில். தண்ணீர். சுவரோரமாக ஜோவென்று கொட்டுகிறது. மேலே ஜன்னல் திறக்கிறது. “பூபதி சார்! தொட்டி வழியுது சார்! மோட்டார ஆஃப் பண்ணுங்க சார்!” ருக்மாங்கதன் சார், ஒரு நிமிஷம் பொறுங்கள், ஒரே ஒரு நிமிஷம், இந்த வரியை முடித்துவிடுகிறேன், நீங்கள் தண்ணீரைத்தானே பார்க்கிறீர்கள், வழியட்டும், ஒருநாள் வழிந்தால் காவிரி வற்றிவிடாது.

பின்கதவு திறந்தது. பூபதி லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. நான் நிற்கவில்லை, நிற்க முடியவில்லை, அந்தத் திடீர் அமைதியில் என் குழல் மட்டும் தன்னந்தனியாக ஆறு வீட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்தது. “ஏய்! மங்க! வாய் மறுபடியும் கோணிக்கிச்சுடி! ஊதாத, ஊதாத, கீழ வை, ஆட்டோ கூப்புடறேன்!” என்று ஈரத்தில் வழுக்கித் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்து நாலு வருஷம் கூடவே இருக்கிற மனுஷன். நிகழ்ச்சிக்கு வந்தால் பந்தி நடக்கிற பக்கமாகவே உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியும். திட்ட வாயெடுத்தேன், அவர் கண்ணைப் பார்த்தேன், வாரக்கணக்கில் ராத்திரி என் இமையில் பிளாஸ்திரி ஒட்டிய கை அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. குழலை இறக்கிப் பல்லெல்லாம் தெரிய நேராகச் சிரித்துக் காட்டினேன், இரண்டு பக்கமும் சமமாக. பிறகு குழலை வைத்துக் கோணலாக்கிக் காட்டினேன். பிறகு நேராக. “இப்படித்தாங்க எப்பவும்” என்றேன். அவர் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், “எனக்கு உயிரே போயிடுச்சு” என்றார், அப்புறம், “சரி, வாசி” என்றார்.

உள்ளே போன் அடித்தது. ஈரக்காலோடு ஓடி எடுத்தேன். ரொசாரியோ அண்ணன்தான், ஆறரை மணி என்றால் ஆறரை மணி.

“என்ன தங்கச்சி, எப்படி இருக்க? மொகம் நேராயிடுச்சா?”

“இல்லண்ணே. கோணலாத்தான் இருக்கு.”

பதினாலு பேரையும் ஒரே பார்வையில் கட்டி மேய்க்கிற மனுஷன், பத்தொன்பது வருஷமாக மேடையில் எனக்கு வலது கைப் பக்கம் நாலடி தள்ளி நின்று நான் ஊதுவதைப் பார்க்கிறவர். மூச்சு விடுவது கேட்டது. பிறகு, மெதுவாக, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தவர் போலக் கேட்டார்.

“எந்தப் பக்கம்மா? எடது பக்கமா?”

“எடது பக்கம்தாண்ணே.”

“அப்பறம் என்ன,” என்றார், “ஒத்திகை நாலு மணிக்கு. நேரத்தோட வந்து சேரு.”